அழுங்குக்குப் பல் போன கதை

அந்தக் காலத்தில் மிருகங்களுக்கும் பேச்சு இருந்தது. பொதிகை மலைக் காட்டில் பொழுது விடிந்தால் எல்லோரும் முதலில் போகிற இடம் ஆற்றுத்துறைதான். பல் துலக்காமல் யாரும் வாயில் ஒரு கவளம் வைக்கமாட்டார்கள். குரங்குகள் வேப்பங்குச்சியை ஒடித்துக்கொண்டு வரும். மிளாமான் புங்கங்குச்சியை மென்றுகொண்டே இறங்கும். கரடி மட்டும் எந்தக் குச்சியை எடுத்தாலும் முகர்ந்து பார்த்து, ஒரு கடி கடித்துத் துப்பிவிட்டு வேறொன்றைத் தேடும். துறை முழுக்கக் கொப்பளிக்கிற சத்தமும் ஊர்வம்புமாக இருக்கும்.

அந்தத் துறையில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற பல் ஒருத்திக்கு இருந்தது. உடம்பெல்லாம் செதிலும் நீண்ட வாலுமாக, எறும்புப் புற்றைத் தேடி அலைகிறதே, எறும்புத்தின்னி என்றுகூடச் சொல்கிறோமே, அந்த இனத்துக்காரி. அன்றைக்கு அவளுக்கு முத்துவாச்சி என்று பெயர். சிரித்தாள் என்றால் பல்வரிசை தும்பைப்பூவாட்டம் இருக்கும். அவளும் அதைத் தெரிந்துகொண்டே சிரிப்பாள்.

அவள் குடியிருந்த பாறைக்கு எதிர்ப்பாறையில் சடைச்சி என்ற முள்ளம்பன்றி இருந்தாள். முத்துவாச்சியைவிட மூத்தவள். அவளுடைய பற்கள் மஞ்சள் நிறம், முன்னால் துருத்திக்கொண்டிருக்கும், பார்க்க ஒன்றும் அழகில்லை. ஆனால் கருவேலம்பட்டையை மென்று, ஈறைத் தேய்த்து, நாலு தடவை கொப்பளித்த பிறகுதான் கரையேறுவாள். ஒரு நாள் தவறினதில்லை. காலையில் முத்துவாச்சியைக் கூப்பிட்டுக்கொண்டு போவதும் அவள்தான்.

முத்துவாச்சிக்கு ஓர் ஈற்றில் இரண்டு குட்டிகள் பிறந்தன. மூத்தது பெண், பவழி. இளையது ஆண், குருந்தன். குட்டிகளின் தகப்பன் மேற்குமலைக்குப் போனவன், திரும்பி வரவில்லை. இரண்டையும் அவள் ஒருத்தியே பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. பிள்ளை பெற்றவளுக்குத் தெம்பாக இருக்கட்டும் என்று கரடி ஒரு பெரிய தேனடையைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். அது தீர்ந்ததும் இன்னொன்று கொண்டுவந்தான். குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டே அவள் அடையைச் சப்புவாள். சப்பிக்கொண்டே தூங்கிப்போவாள். விழித்தால் வாயில் மிச்சம் இருக்கும், அதையும் சப்புவாள்.

"ஏட்டி முத்து, வாறியா ஆத்துக்கு?" என்று காலையில் சடைச்சி வாசலில் நின்று கூப்பிடுவாள்.

"இன்னைக்கு முடியலக்கா. இதுக ரெண்டும் ராவெல்லாம் தூங்கவிடல. நாளைக்கு வாரேன்."

நாளைக்கும் அதே பதில்தான். ஒரு நாள் போகாததால் என்ன ஆகிவிட்டது? ஒன்றும் ஆகவில்லை. பத்து நாள் போகாததால்? அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. பல் வெள்ளையாகத்தான் இருந்தது. அப்புறம் அவள் 'நாளைக்கு வாரேன்' என்று சொல்வதையும் விட்டுவிட்டாள்.

மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு நாள், கொட்டையைக் கடித்தபோது வலப்பக்கக் கடைவாயில் சுருக்கென்று ஒரு வலி. இடப்பக்கம் மென்றாள். கொஞ்ச நாளில் அந்தப் பக்கமும் கூசியது. ஈறு வீங்கி, எதைக் கடித்தாலும் ரத்தம் கசிந்தது. ஓடையிலிருந்து குளிர்ந்த கல்லை எடுத்துவந்து கன்னத்தோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். யாராவது அந்தப் பக்கம் வந்தால் கல்லைக் கீழே போட்டுவிட்டு, உதட்டைப் பிரிக்காமல் சிரிப்பாள். பிள்ளை பெற்றதும் முத்துவாச்சிக்குத் தலைக்கனம் வந்துவிட்டது, வாயைத் திறந்து பேசமாட்டேன் என்கிறாள் என்று துறையில் பேசிக்கொண்டார்கள். அவள் மறுக்கவில்லை. தலைக்கனம் என்று நினைத்தால் நினைக்கட்டும், வாய் சொத்தை என்று தெரியாமல் இருந்தால் போதும்.

குருந்தனை முத்தமிடக் குனிந்தபோது ஒரு நாள் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அம்மா, உன் வாய் நாறுது."

அவளுக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் சடைச்சி வந்தாள். அவளும் மூக்கைச் சுளித்தாள். அவளுக்கு மனதில் ஒன்று வைத்து வெளியில் ஒன்று பேசத் தெரியாது.

"அவன் சொல்லுதது சரிதான். உன் பல்லுக்கு ஏதோ ஆயிட்டு. வாயைத் திற, நான் பாக்கேன். இப்பவே பார்த்தா காப்பாத்திரலாம்."

"என் பல்லைப் பார்க்க நீ யாரு?" என்றாள் முத்துவாச்சி. "உன் பல்லைப் போய்த் தண்ணியில பாரு. மஞ்சள்காமாலை வந்தது மாதிரி. அதை வெச்சுக்கிட்டு எனக்குச் சொல்ல வந்துட்டா."

சடைச்சி திரும்பிப் போய்விட்டாள். மறுநாள் காலையில் வாசலில் அவள் குரல் கேட்கவில்லை. முத்துவாச்சி காதைக் கொடுத்துக்கொண்டு படுத்திருந்தாள். அதற்கடுத்த நாளும் கேட்கவில்லை.

ஐப்பசி பிறந்து மூன்று நாளாக விடாத மழை. நாலாம் நாள் காலையில் மழை விட்டு வானம் கொஞ்சம் வெறித்தது. குட்டிகளை வளைக்குள் விட்டுவிட்டு இரை தேடப் போன முத்துவாச்சி, திரும்பி வந்தபோது அப்படியே நின்றுவிட்டாள். பாறைக்கு மேலே நின்ற கிழட்டு வேங்கை மரம் ஊறிய மண்ணோடு சரிந்துவிட்டது. அதன் கிளையொன்று, அவள் தொடையளவு கனம், வளை வாசலில் குறுக்காகச் செருகிக்கொண்டிருந்தது. வளை என்றால் அது பாறை இடுக்கு. மண்ணாக இருந்தால் அவள் நகத்துக்கு எந்த மூலைக்கு? பாறையை என்ன செய்வது?

"பவழி! குருந்தா!"

"இருக்கோம்மா" என்றாள் பவழி உள்ளேயிருந்து. "வெளிய வர முடியல. கீழே ஈரமா இருக்கு."

"பயப்படாதே. அம்மா இதைக் கடிச்சு எடுத்துடறேன். தம்பியைப் பார்த்துக்கோ."

கிளையின் பக்கத்தில் மழைத்தண்ணீர் விரல் கனத்துக்கு உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. விரல் கனம்தானே என்று நினைத்தாள். பல்லைக் கிளையில் பதித்தாள். வலி காது வழியாக உச்சிக்கு ஏறியது. கண்ணை மூடிக்கொண்டு கடித்தாள். பட்டை பெயர்ந்தது. உள்மரம் அசையவில்லை.

அப்போது பின்னால் சருகு மிதிபடும் ஓசை. சடைச்சி நின்றாள். மரம் விழுந்த சத்தம் கேட்டு வந்திருக்கிறாள். அவள் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் வாசலை முத்துவாச்சியின் உடம்பு மறைத்தது. கிளை செருகியிருப்பது தெரியாது.

"முத்து, பிள்ளைகளுக்கு ஒண்ணுமில்லையே? ஏதாவது கடிச்சு எடுக்கணுமா?"

முத்துவாச்சியின் வாயெல்லாம் ரத்தம். திரும்பினால் தெரிந்துவிடும். வாயைத் திறந்தால் வாடை அடிக்கும். மஞ்சள்காமாலை என்று தான் சொன்ன அந்தப் பல்லிடம் போய் நிற்க வேண்டும். இன்னும் நாலு கடி கடித்தால் கிளை போய்விடும் என்று அவளுக்குத் தோன்றியது. முன்னங்காலால் வாயைப் பொத்திக்கொண்டு, திரும்பாமலே சொன்னாள்:

"ஒண்ணுமில்ல. எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம். நீ போக்கா."

சடைச்சி ஒரு நொடி தயங்கினாள். பிறகு அவளுடைய முட்கள் உரசும் சத்தம் மெல்ல மெல்லத் தேய்ந்து இல்லாமல் போயிற்று.

முத்துவாச்சி மறுபடி கடித்தாள். இரண்டாவது கடியில் கடைவாய்ப்பல் ஒன்று கிளையிலேயே தங்கிவிட்டது. மூன்றாவது கடியில் முன்பல் இரண்டும் வேரோடு வந்தன. தரையில் கிடந்தபோது அவை வெளியே தும்பைப்பூவாகத்தான் இருந்தன, உள்ளே கருத்துப் பொக்கையாக இருந்தன. அதற்குள் வானம் மறுபடி இருண்டு கொட்டத் தொடங்கிவிட்டது. விரல் கனத்துக்கு ஓடின தண்ணீர் இப்போது இடுக்கு நிறைய ஓடியது.

"அம்மா, தண்ணி வயிறு வரைக்கும் வந்துட்டும்மா."

முத்துவாச்சி ஓடினாள். வாயை மூடவில்லை. ரத்தம் வழிய வழியக் கத்திக்கொண்டே ஓடினாள். "சடைச்சியக்கா! சடைச்சியக்கா!" மழை இரைச்சலில் அது எங்கே கேட்கும்? எதிர்ப்பாறையில் சடைச்சி இல்லை. வெள்ளத்துக்குப் பயந்து மேட்டுக்கு ஏறியிருந்தாள். மேட்டில் போய் அவள் காலில் விழுந்தபோது முத்துவாச்சி வாயைத் திறந்து காட்டினாள். சடைச்சி ஒன்றும் கேட்காமல் ஓடி வந்தாள்.

அந்த மஞ்சள் பற்கள் கிளையை அறுத்தெறிய அதிக நேரம் ஆகவில்லை. ஒரு பாட்டு பாடி முடிக்கிற நேரம்கூட இல்லை. கிளை விலகியதும் வாசல்வரை நிறைந்து நின்ற தண்ணீர் குபுக்கென்று வெளியே வந்தது. அதோடு குருந்தன் வந்தான், இருமிக்கொண்டு, நடுங்கிக்கொண்டு. பவழியை முத்துவாச்சி உள்ளே போய் எடுத்துவந்தாள்.

மழை நின்ற பிறகுதான் குருந்தனுக்குப் பேச்சு வந்தது.

"அக்கா என்னை முதுகுல ஏறிக்கச் சொன்னா. தலை முட்டுற வரைக்கும் ஏறிக்கச் சொன்னா. அப்புறம் நான் கூப்பிட்டேன், அவ பேசல."

முத்துவாச்சி பவழியை வயிற்றோடு அணைத்துச் சுருண்டு படுத்தாள். சடைச்சி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"ஒண்ணுமில்லேன்னு நீ சொன்னதைக் கேட்டு நான் போயிருக்கக்கூடாது" என்றாள். "உன் குரலே சரியில்ல. எனக்குத் தெரிஞ்சுது. ரோசத்துல போயிட்டேன்."

"நீ கேட்டே அக்கா" என்றாள் முத்துவாச்சி. "எனக்கு வாயைத் திறக்க வெட்கமா இருந்துச்சு." அதைச் சொன்னதும் அவளுக்குத் தன் வாயின்மேலேயே ஆத்திரம் பொங்கியது. மிச்சமிருந்த பற்களை ஒவ்வொன்றாக நகத்தால் பிடுங்கி வெள்ளத்தில் எறிந்தாள். "இந்தப் பல் எனக்கும் வேண்டாம். என் வம்சத்துக்கும் வேண்டாம்!"

துக்கத்தில் சொன்ன சொல்தான். ஆனால் காடு அதைக் கேட்டுக்கொண்டது. அடுத்த வேனிலில் குருந்தனுக்குப் பால்பற்கள் விழுந்தன. மற்றக் குட்டிகளுக்கெல்லாம் புதுப்பல் முளைத்தது. அவன் மட்டும் தினமும் சடைச்சியோடு துறைக்குப் போய், வெறும் ஈறைப் பட்டையால் தேய்த்துக் கொப்பளித்துவிட்டு வந்து கேட்பான்.

"எனக்கு எப்பம்மா முளைக்கும்?"

முத்துவாச்சி புற்றை நகத்தால் கீறி, நாக்கை நீட்டி எறும்பை எடுத்து விழுங்கக் கற்றுக்கொடுத்தாள். அதற்குப் பல் வேண்டாம். தன் பல்லைத் தான் போக்கியது போதாதென்று பிள்ளையின் பல்லையும் வார்த்தையால் போக்கிவிட்டோமே என்று, அவன் சாப்பிடும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

உள்ளுக்குள்ளேயே வருந்திக் குமைவதைப் பழைய பேச்சில் அழுங்குவது என்பார்கள். முத்துவாச்சி என்று அவளைக் கூப்பிட யாருக்கும் மனம் வரவில்லை. அவள் கடந்து போனால் "பாவம், அழுங்குது" என்பார்கள். சொல்லிச் சொல்லி அதுவே பெயராக நின்றுவிட்டது.

அன்று முதல்தான் அழுங்கு பல்லில்லாமல் பிறக்கிறது. ஓர் ஈற்றுக்கு ஒரே குட்டிதான் போடுகிறது. ஆபத்து வந்தால் அது கடிப்பதில்லை, கத்துவதில்லை. குட்டியை வயிற்றோடு சேர்த்து, வாயை அதன்மேல் புதைத்து, சுருண்டுகொள்கிறது. யார் இழுத்தாலும் விடுவதில்லை.