பிரசிடெண்ட் படம் போட்ட ஜமக்காளம்

இதை முன்பின்னாகச் சொல்லிக் கெடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ஜமக்காளம் நெய்வது மாதிரி அடியிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் பிரசிடெண்ட் நாச்சிமுத்து, ஊர் ஏரிக்கு வரும் தண்ணீரைக் குழாய் போட்டுத் தன் தென்னந்தோப்புக்குத் திருப்பிக்கொண்டார். ஏரி காய்ந்து வெடித்தது. கலெக்டர் வரும் நாளில் மேடையில் தொங்கவிட, ஏரிக்கரையில் தான் நிற்பதுபோல் ஆளுயர ஜமக்காளம் நெய்துதரும்படி என்னிடம் கேட்டார்.

"உள்ளதை உள்ளபடி நெய்யி, செங்கமலம். மீசை முக்கியம்!"

தினமும் தறியருகே வந்து நின்றார். "என் மூஞ்சி எங்க புள்ள?"

"கால்லதானுங்க ஆரம்பிக்கணும். மூஞ்சி கடைசியிலதானுங்க."

நெய்த பகுதி உருளையில் சுருண்டுகொண்டே போனதாலும், மூஞ்சியை மட்டுமே தேடியதாலும் அடியில் இருப்பதை அவர் பார்க்கவில்லை. மீசை முடிந்த அன்று தெருவுக்கே லட்டு கொடுத்தார்.

கலெக்டர் வரும் காலையில் தொங்கவிட்டோம். படத்தில் பிரசிடெண்ட் காலடியில் வெடித்த ஏரி. அதைத் தாண்டித் தோப்புக்குள் நுழையும் நீலக் குழாய்.

"அடிப்பாவி! அந்தக் குழாயை மட்டும் உருவிடு!"

"உருவலாமுங்க. ஆனா கடைசியா நெய்ததைத்தான் முதல்ல பிரிக்க முடியும். முதல்ல உங்க தலை போகும், அப்புறம் மீசை..."

அவர் இரண்டு கையாலும் சொந்த மீசையைப் பொத்திக்கொண்டார். அதற்குள் ஜீப் வந்துவிட்டது.

கலெக்டரம்மா படத்தைப் பார்த்தார். "தோப்பு எந்தப் பக்கம்?" என்றார். ஊரே கை நீட்டியது. சாயங்காலம் ஏரிக்குத் தண்ணீர் வந்தது.

"உன்னை யாருடி இப்படி நெய்யச் சொன்னது?" என்று பிரசிடெண்ட் கத்தினார். நான் ஜமக்காளத்தின் மேல் ஓரத்தைக் காட்டினேன். பயத்தில் முந்தின நாளே, அவர் தலைக்கு மேல் கடைசி வரியாக இப்படி நெய்துவைத்திருந்தேன்: 'பிரசிடெண்ட் தினமும் நேரில் நின்று பார்த்து, உள்ளதை உள்ளபடி நெய்யச் சொன்னது.'