பண்ணையார் குரலுக்கு ஏற்ற தந்தி

கீழமாந்தூர்ப் பண்ணையார் திருமேனிநாதருக்கு, ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவில் தாமே பாட வேண்டுமென்று ஆசை. ஒற்றைத் தந்தித் துந்தனாவை மீட்டுகிறவர் பூச்சியப்பன். அவர் எஃகுத் தந்தி கட்டிப் பார்த்தார், சுருதி சேரவில்லை. பித்தளை கட்டினார், ஆட்டு நரம்பும் கட்டினார், அப்போதும் சேரவில்லை.

"குற்றம் உன் தந்தியில்தான். நாளைக்குள் என் குரலுக்கு ஏற்றதாகக் கட்டு. இல்லாவிட்டால் கொடைக்கு வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்கிறேன்" என்றார் பண்ணையார்.

மறுநாள் ஒத்திகை பார்க்க ஊரே கூடியிருந்தது. பூச்சியப்பன் பழைய எஃகுத் தந்தியையே கட்டி வந்திருந்தார்.

"எசமான், பாடுகிறவர் குரல் போகிற இடத்துக்குத்தான் தந்தியும் போக வேண்டும். உங்கள் குரல் எங்கே போகுமென்று உங்களுக்குத்தான் தெரியும். தந்தியை முறுக்கும் ஆணியை நீங்களே பிடித்துக்கொண்டு பாடுங்கள். நான் மீட்டுகிறேன்."

பண்ணையாருக்கு அது மரியாதையாகப் பட்டது. முதல் அடிக்கு இரண்டு முறுக்கு முறுக்கினார். இரண்டாம் அடிக்கு மூன்று. குரல் ஏற ஏற ஆணியும் சுற்றியது. நாலாம் அடியில் தந்தி பட்டென்று அறுந்து அவர் மீசையை உரசிக்கொண்டு போனது.

பூச்சியப்பன் மடியை அவிழ்த்தார். "பாட்டு மொத்தம் இருபது அடி, எசமான். நாலு அடிக்கு ஒரு தந்தி. மீதிக்கு நாலு கொண்டுவந்திருக்கிறேன்."

கூட்டம் சிரித்தது. பண்ணையார் மீசையைத் தடவிப் பார்த்தார். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "நீயே பாடப்பா. நான் தலையாட்டுகிறேன்."

அந்தத் தலையாட்டலும் தாளத்தோடு சேரவில்லை. அடிகளையும் தந்திகளையும் எண்ணி வந்த பூச்சியப்பன் அதை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை.