கிடங்கு நிறைந்த ஆண்டு

நாட்டிலுள்ள கிடங்குகளின் சரக்கைப் பருவத்துக்கு ஒருமுறை எண்ணி அரசரிடம் சொல்வது மாசிலாமணியின் வேலை. மனைவி மக்கள் இல்லாதவர். கிடங்குகளைப் பூட்டிய பிறகு அவரோடு பேச ஆள் கிடையாது. மனசு குழம்பினால் மலையடிச் சத்திரத்துக்கு நடப்பார். அங்கே இருந்த துறவி உலகம்மைதான் அவருக்குக் குரு. குருவைவிடச் சீடர் வயதில் மூத்தவர்.

அன்று அவர் போனபோது சத்திரத்தில் பெரிய பானை நிறையச் சோறு இருந்தது. சாப்பிட ஒருவரும் இல்லை. புதுச் சாலை வேறு பக்கம் போனதிலிருந்து வழிப்போக்கர்கள் குறைந்துவிட்டார்கள்.

"வாங்க ஐயா. முகம் வாடியிருக்கே."

"போன வருஷம் கிடங்கெல்லாம் காலி, அம்மா. பயந்துபோன வியாபாரிகள் ஒரே தேவைக்கு மூன்று ஊரில் துணி நெய்யச் சொல்லிவைத்தார்கள். இப்போது மூன்று ஊர்த் துணியும் வந்து இறங்கிவிட்டது. உத்தரம் முட்ட மூட்டைகள். தறிக்கூலி வாங்குகிறவர்கள் எடுப்பதைத் தவிர வாங்க ஆளில்லை."

"சரக்கு ஏறினால் நாடு செழிக்கிறது என்று சொன்னவர் நீங்கள்தானே?"

"சொன்னேன். விற்கும் என்று நம்பிச் சேர்த்த மூட்டையும், விற்காமல் தங்கிய மூட்டையும் எண்ணும்போது ஒன்றுபோலத்தான் இருக்கின்றன." அவர் குரல் இறங்கியது. "தறிகளை எல்லாம் நிறுத்திவிடலாமா என்று அரசர் கேட்கிறார். நாளைக்கு நான் தலையசைத்தால் நிறுத்திவிடுவார். அசைக்கலாம் என்றுதான் எனக்குப் படுகிறது. சரிதானா?"

உலகம்மை எழுந்தார். பாயைத் தட்டிப் போட்டார். இருவரும் பாதையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெயில் ஏறியது. பாதையில் ஒரு நாய்கூட வரவில்லை.

உச்சிப்பொழுதில், சத்திரத்துக்கு அன்றாடம் விறகு போடும் மாடத்தி வந்து சுமையை இறக்கினாள். முகம் கழுவிவிட்டு இலை முன்னால் உட்கார்ந்தாள்.

"என்ன சாமி, கல்யாண வீடு மாதிரி வடிச்சு வச்சிருக்கீங்க? மாப்பிள்ளை இவுகளா?"

மாசிலாமணி கூச்சத்தில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மாடத்தி சிரித்துக்கொண்டே இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். வேறு யாரும் வரவில்லை.

"ஐயா, இது உங்கள் சத்திரமாக இருந்தால் நாளைக்கு என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார் உலகம்மை.

"இவ்வளவு மீந்திருக்கிறதே. தண்ணீர் ஊற்றி வைத்தால் போதும். அடுப்பு மூட்ட வேண்டாம்."

"மாடத்தி, நாளைக்கு விறகு வேண்டாமாம்."

மாடத்தியின் சிரிப்பு நின்றது. "நாளைக்கு மட்டுந்தானா, சாமி?"

உலகம்மை மாசிலாமணியைப் பார்த்தார்.

"பானை காலியாகும்வரைக்கும்" என்றார் மாசிலாமணி.

"அப்ப எனக்கு இந்தப் பக்கம் என்ன சோலி?"

அவள் கை கழுவினாள். தலைச் சும்மாட்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பாதையில் இறங்கிப் போனாள். வளைவு திரும்பும்வரை இருவரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு பாதை வெறிச்சோடியது.

மாசிலாமணி திரும்பிக் கேட்டார்.

"அம்மா, நான் கேட்டதற்கு நீங்கள் பதில் சொல்லவில்லையே?"

உலகம்மை மூடியை எடுத்துவிட்டுப் பானையை அவர் பக்கம் நகர்த்தினார்.

"இன்றைக்குச் சாப்பிட்டவள் அவள் ஒருத்திதான். இனி இது எப்போது காலியாகும், ஐயா?"