கிளி காத்த கஜானா

முன்னொரு காலத்தில் கருவேலஞ்சீமையைக் கண்டீரவன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். புதுசாக எதைக் கண்டாலும் அவனுக்குத் தலைகால் புரியாது. அவனுடைய மந்திரி தெய்வநாயகம். அந்தப் பேரைக் கேட்டாலே அரண்மனைக் காவல் அதிகாரி வீரபாகுவுக்கு வயிறு எரியும். சபையில் ராஜா மந்திரியைப் பார்த்துச் சிரித்துவிட்டால் போச்சு, அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது.

மந்திரி பதவியைப் பிடிக்க வீரபாகு ஒரு வழி கண்டுபிடித்தான். கிளிகளை வளர்த்துப் பழக்கி, அரண்மனையின் ஒவ்வொரு கதவுக்கும் உள்பக்கம் ஒன்றை உட்கார வைத்தான். இரகசியச் சொல் காதில் விழுந்தால் கிளி அலகால் தாழ்ப்பாளை இழுத்துவிடும். ராஜாவுக்கு ஒரே பூரிப்பு.

"எல்லாக் கதவுக்கும் ஒரே சொல்லா?" என்று கேட்டார் மந்திரி.

"ஆமாம். எனக்கு மட்டும்தான் தெரியும். உமக்கு ஏனய்யா பொறாமை?" என்றான் வீரபாகு. கேட்டீர்களா கதையை!

ராஜா தொடையைத் தட்டினான். "மந்திரியாரே, நாளை உச்சிவேளைக்குள் கஜானாவைத் திறந்து காட்டும். முடியாவிட்டால் உம்முடைய முத்திரை மோதிரம் வீரபாகுவுக்கு!"

வீரபாகுவுக்குக் கால் தரையில் பாவவில்லை. மந்திரியோ கஜானாப் பக்கமே போகாமல் யானைத் தீவனக் கொட்டகைக்குப் போனார். அங்கேயும் ஒரு கிளி இருந்தது. தழைக்கு எதற்குக் காவல் என்று ஆள் போடவில்லை. ஜன்னல் வழியாகக் கோவைப்பழத்தை நீட்டினார். பழம் உள்ளே போனதும் கிளி தனக்குத் தெரிந்த ஒரே சொல்லைக் கத்திவிட்டது.

மறுநாள் கஜானா வாசலில் மந்திரி தொண்டையைச் செருமினார். "மகாராஜா, சொல்லவே கூச்சமாக இருக்கிறது. தெய்வநாயகம் நாசமாய்ப் போக!"

சடக்கென்று கதவு திறந்தது. உள்ளே இருந்த கிளி அதையே திருப்பிக் கத்த, அதைக் கேட்டு ஆயுதசாலைக் கிளி கத்த, அப்படியே அரண்மனைக் கதவெல்லாம் வரிசையாகத் திறந்துகொண்டன. ராணி எண்ணெய்த் தலையோடு ஓடி வந்தாள். "எவன் என் கதவைத் திறந்தது?"

"அடப்பாவி, இதுதான் உன் இரகசியச் சொல்லா?" என்றான் ராஜா.

வீரபாகு தலையைச் சொறிந்தான். "நான் சொல்லிக் கொடுக்கவில்லை மகாராஜா. தீனி போடும்போது தினமும் வாய்விட்டுப் புலம்புவேன். சனியன்கள் அதைத்தான் பிடித்துக்கொண்டன."

"கொட்டகைக் கிளி உளறினால் கஜானா போகிறதே! கதவுக்குக் கதவு வேறு சொல் வேண்டும், மகாராஜா" என்றார் மந்திரி.

"ஆகட்டும். வீரபாகுவே சொல்லிக் கொடுக்கட்டும். ஒவ்வொன்றும் மந்திரியாரைப் புகழும் சொல். ஒரு கதவுக்குச் சொன்னது மறு கதவுக்கு வரக்கூடாது!"

பாதிக் கதவு தாண்டுவதற்குள் வீரபாகுவிடம் சரக்குத் தீர்ந்துபோயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டு மந்திரி வீட்டு வாசலில் போய் நின்றான்.

"ஐயா, உங்களைப் பற்றி இன்னும் ஏதாவது நல்லதாகச் சொல்லுங்களேன்."