அசுரன் வயிற்றில் எழுதியிருந்த பெயர்

கூத்தனேரியில் சீதாபதி ரைஸ் மில்லுக்கு மாடியில் ஓர் அறை உண்டு. மில்லின் பெயர்ப்பலகை அந்த அறை ஜன்னலுக்கு நேர் கீழே, ஆளுயர எழுத்தில் தொங்குகிறது. இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அறையில் உட்கார்ந்திருந்தவர்கள் வைத்துக்கொள்ளவில்லை.

உட்கார்ந்திருந்தவர்கள் மூன்று பேர். பொன்னுரங்கம் சங்கத் தலைவர், தீர்த்தகிரி செயலாளர், ஏகாம்பரம் உறுப்பினர். தபாலில் வரும் சாண் உயரப் பூத பொம்மைகளை வாங்கி, ஒன்றின் தலையை வெட்டி இன்னொன்றின் கழுத்தில் ஒட்டி, வண்ணம் பூசுவதுதான் சங்கத்தின் வேலை. மூவருக்கும் மீசை நரைத்தாகிவிட்டது. பொழுதெல்லாம் இவர்கள் வீட்டில் இல்லாமல் இருப்பதே பெரிய புண்ணியம் என்று மூன்று மனைவிமாரும் அந்த அறை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டு வந்தார்கள்.

அந்த அறைக்கு ஆபத்து வந்தது. மில் முதலாளியின் மனைவி விசாலாட்சி அம்மாள் வருஷா வருஷம் கொலு வைப்பவர். போன வருஷம் பொம்மைகளைப் பெட்டியில் எடுத்துவைக்க ஒத்தாசை செய்கிறோம் என்று போன நம் அறிவாளிகள், மகிஷாசுரனைக் கீழே போட்டு உடைத்துவிட்டு வந்தார்கள். இந்த வருஷம் அம்பாள் வெறும் காற்றைச் சூலத்தால் குத்திக்கொண்டு நின்றாள்.

அம்மாள் மூவரையும் கூப்பிட்டு நிறுத்தினார். “கோயில் மண்டபத்துச் சுவர்ல காரையில செஞ்ச பழங்காலத்து மகிஷாசுரன் இருக்கான். சின்ன வயசுல பார்த்தது, இன்னும் கண்ணுலயே நிக்குது. அதே மாதிரி ஒண்ணு செஞ்சு கொண்டாங்க. சுவர்ல எப்படி இருக்கோ அப்படியே இருக்கணும். சொந்தப் புத்தியை உள்ள விட்டீங்கன்னா, அறையைக் காலி பண்ணிட்டு அவங்கவங்க வீட்டுக்குப் போய்ச் சேருங்க.”

வீடு என்றதும் மூவர் முகத்திலும் ஈயாடவில்லை. சொந்தப் புத்தியைப் பற்றி அம்மாள் அவ்வளவு கவலைப்பட்டிருக்க வேண்டியதில்லை.

இருந்ததில் பெரிய பூதத்தை எடுத்தார்கள். இறக்கையை அறுத்தார்கள், தலையை வெட்டினார்கள், திருவிழாக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் எருமையின் தலையைப் பசை போட்டு ஒட்டினார்கள். பசை காய்ந்த பிறகுதான் பார்த்தார்கள், எருமை முதுகுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

“சுவர்ல முன்னால பார்க்கிறானே தலைவரே?” என்றார் ஏகாம்பரம்.

“அதுக்கென்ன, பொம்மையைத் திருப்பி வை. முன்னால பார்ப்பான்.”

திருப்பி வைத்தார்கள். பார்த்தான்.

அடுத்த சிக்கல் அளவு. சுவரில் இருந்தவன் ஆளுயரம், கையில் இருந்தவன் ஒரு சாண். பெரியதைப் பார்த்துச் சின்னதை எப்படிச் செய்வது? மண்டபத்தில் உட்கார்ந்து வெகுநேரம் விவாதித்தார்கள்.

“தூரப் போகப் போக எதுவும் சின்னதாயிடும். என் மாமனாரையே நான் அப்படித்தான் சமாளிக்கிறேன்” என்றார் பொன்னுரங்கம்.

பொம்மையை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு மூவரும் சுவரைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்தார்கள். குளத்தைத் தாண்டி, சாலையைத் தாண்டி, பஞ்சர் கடை வாசலுக்கு வந்தபோது அளவு கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் அங்கிருந்து பார்த்தால் அசுரன் ஒரு கரிப்புள்ளிதான். அதனால் ஏகாம்பரம் சுவர்வரை ஓடி, பார்த்ததைத் திரும்பி வந்து சொல்வதென்று தீர்மானம் ஆனது. உறுப்பினர் என்று ஒருவர் பின்னே எதற்கு இருக்கிறார்?

வண்ண டப்பாவில், குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கவும் என்று போட்டிருந்தது. அதைப் பஞ்சர் கடைக் கூரைமேல் வைத்தார்கள். ஒவ்வொரு தரமும் தீர்த்தகிரி ஏணியில் ஏறித் தூரிகையை நனைத்துக்கொண்டு இறங்கினார். இறங்குவதற்குள் பாதி அவர் வேட்டிக்கே போனது.

ஏகாம்பரம் மூச்சு வாங்க வந்தார். “இடது கால் இல்லை தலைவரே. காரை பேர்ந்துபோய் செங்கல்தான் தெரியுது.”

காலை அறுத்தார்கள்.

“தோள் வழியா ஒரு பிளாஸ்டிக் குழாய் போகுது. உள்ள கரண்ட் ஒயர்.”

“அந்தக் காலத்துலயே கரண்டா?” என்றார் தீர்த்தகிரி.

“அசுரன்னா சும்மாவா? அவங்ககிட்ட எல்லாமே இருந்திருக்கும்” என்றார் தலைவர். தோளில் ஓட்டை போட்டு இளநீர் குடிக்கும் குழல் ஒன்றைச் செருகினார்கள்.

“வயித்துல ஒரு இதயம் செதுக்கியிருக்கு. அதுல அம்பு பாய்ஞ்சிருக்கு.”

“அம்பாள் விட்ட அம்பு!” தலைவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“அம்புக்கு மேல சீதாபதின்னு எழுதியிருக்கு, கீழ கோமளான்னு. ‘சீ’யோட சுழி ஜிலேபி மாதிரி சுத்திச் சுத்திப் போகுது.”

“யார் இந்தச் சீதாபதி?”

தலைவர் கண்ணை மூடி யோசித்தார். “மகிஷாசுரன்ங்கிறது பட்டம்தான். சொந்தப் பேர் சீதாபதியா இருக்கும். கோமளா அவன் சம்சாரம்.”

குண்டூசியால் கீறினார்கள். ஜிலேபியில் ஒரு சுற்றுகூடக் குறையவில்லை. ஏகாம்பரம் ஓடி ஓடிச் சரிபார்த்தார்.

கொலு அன்று கூடம் நிறையப் பெண்கள். விசாலாட்சி அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொம்மையைக் கையில் எடுத்தார். தலை திரும்பியதையும் கால் போனதையும் அவர் பார்க்கவே இல்லை. வயிற்றில் நின்ற பார்வை அங்கேயே நின்றது. மில் பலகையிலும், அரிசி மூட்டையிலும், கல்யாணத்துக்கு முன் தமக்கு வந்த கடிதங்களிலும் அந்த ஜிலேபியை அவர் பார்த்திருந்தார்.

ஊஞ்சலில் இருந்த புருஷனைப் பார்த்து, “கோமளா யாரு?” என்றார்.

முதலாளி வாயைத் திறப்பதற்குள் பொன்னுரங்கம் பணிவாக முந்திக்கொண்டார். “அவரோட சம்சாரம்மா.”

“ஐயோ, இந்தத் தடிப்பசங்க தானா எதையோ கிறுக்கிட்டு வந்திருக்காங்க விசாலம்!” என்று அலறினார் முதலாளி.

“நாளைக்குக் காலையில நானே சுவரைப் போய்ப் பார்க்கிறேன். அங்க இப்படி இல்லைன்னா இவனுங்க அறையைக் காலி பண்ணணும். இருந்துச்சுன்னா…” அம்மாள் ஊஞ்சலைப் பிடித்து நிறுத்தினார்.

முதலாளி மூவரையும் கொல்லைப்புறம் இழுத்துப் போனார். “விடியறதுக்குள்ள அந்தப் பேர் சுவர்ல இருக்கக் கூடாது. எடுத்துடுங்கடா. எடுத்துட்டா அறை ஆயுசுக்கும் உங்களுக்குத்தான்.”

மண்டபத்துக்குப் போய் மூவரும் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்கள். பேர் சுவரில் இருந்தால் முதலாளி விடமாட்டார். இல்லாவிட்டால் அம்மாள் விரட்டிவிடுவார். எந்தப் பக்கம் போனாலும் வீடு.

“எடுக்கத்தானே சொன்னார்?” என்றார் தீர்த்தகிரி மெதுவாக. “அழிக்கச் சொல்லலையே.”

“அம்மாவுக்கும் முழங்கால் வலி. எதுக்குக் கோயில்வரைக்கும் நடக்கணும்?” என்றார் ஏகாம்பரம்.

தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்ட சங்கத்துக்குத் தாம் தலைவராக இருப்பதை நினைத்து.

காலையில் அம்மாள் செருப்பை மாட்டும்போது மூவரும் வந்து நின்றார்கள். அசுரனின் வயிற்றை உளியால் முழுசாகப் பெயர்த்து, தாம்பாளத்தில் வைத்து, மேலே ஒரு முழம் பூவும் போட்டிருந்தார்கள். கொலுப் படியில் பொம்மைக்குப் பக்கத்தில் வைத்தார் பொன்னுரங்கம்.

“ஒப்பிட்டுப் பார்த்துக்குங்கம்மா. சொந்தப் புத்தி ஒரு சொட்டு இல்ல.”

அம்மாள் சொன்ன சொல் தவறாதவர். அறையை அவர்களுக்கே விட்டார். கூடவே முதலாளியின் பாயையும் தலையணையையும் அந்த மில் மாடிக்கே வீசினார்.

அறை மூலையில் இடிந்துபோய் உட்கார்ந்திருந்த முதலாளியைப் பார்க்க மூவருக்கும் மனசு தாங்கவில்லை.

“யாரோ ஒரு அசுரனுக்குக் கோமளான்னு சம்சாரம் இருந்தா நீங்க என்ன பண்ணுவீங்க முதலாளி?” என்றார் பொன்னுரங்கம்.

“டேய், பாவிங்களா! என் பேர் என்னடா?”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “பாவம், துக்கத்துல சொந்தப் பேரையே மறந்துட்டார்” என்று முணுமுணுத்த தலைவர், அம்மாளிடம் கேட்டு வர ஏகாம்பரத்தைக் கீழே அனுப்பினார். ஏகாம்பரம் பெயர்ப்பலகைக்கு அடியில் நுழைந்து ஓடி, அதே வழியாகத் திரும்பி வந்தார்.

“கேட்டுட்டேன் தலைவரே. இவர் பேர் அசுரனாம்.”

தலைவர் முதலாளியின் தோளில் தட்டிக்கொடுத்தார். “பார்த்தீங்களா? உங்க பேரு அசுரன். சீதாபதிங்கிறவன் வேற ஆளு. முதல்லயே சொல்லியிருந்தா அம்மாகிட்ட நாங்களே எடுத்துச் சொல்லியிருப்போமே.”