ஈயின் வெள்ளைக் கால்

ஈ வாய்திறந்து ஊர்க்கதை பேசிய அந்தக் காலத்தில், அதற்கு எந்த வீட்டிலும் தடை கிடையாது. அடுப்பங்கரை வரை வரும். சோற்றுப் பானையில் உட்கார்ந்துகொண்டு, "மேலத்தெரு மாடு கன்று போட்டிருக்கு" என்று சேதி சொல்லும். "நாலு வாய் தின்னுட்டுப் போ" என்பார்கள். அப்போது யார் வீட்டிலும் கக்கூஸ் இல்லை. ஊரே உடைமரக் காட்டுக்குப் போகும். போட்டது போட்டபடி கிடக்கும், எழுந்து வந்துவிடுவார்கள். யாருக்கும் அதில் ஒரு கூச்சமும் இல்லை, போங்கள்!

மாடத்தியின் மகள் சொர்ணத்துக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அந்த நேரம் பார்த்து ஊரில் வாந்திபேதி. வீட்டுக்கு ஒருவர் சுருண்டு படுத்தார்கள். உப்புக்கஞ்சி குடித்து எப்படியோ எல்லாரும் பிழைத்துக்கொண்டார்கள். ஆனால் மாப்பிள்ளையின் தாய் வேலம்மா வாசலோடு நின்றுவிட்டாள்.

"மதினி, கோவிச்சுக்கிடாதீங்க. இந்த நோவு எங்கேயிருந்து வருதுன்னு தெரியாம நான் பொண்ணெடுக்க மாட்டேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன்."

சொர்ணம் அழுத அழுகை இருக்கிறதே, ஐயோ! மாடத்திக்குப் பெற்ற வயிறு பற்றி எரிந்தது. கிணற்றை இறைத்தாள். வீட்டுக்கு வெள்ளையடித்தாள். சம்பந்தி வரும் வழி நாறக்கூடாதே என்று, மிஞ்சிய சுண்ணாம்பைக் காட்டில் கிடந்ததன்மேல் எல்லாம் கொட்டிவிட்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை வேலம்மா வந்தாள். கருப்பட்டி போட்டு, கறுகறுவென்று உளுந்தங்களி கிண்டி வைத்திருந்தாள் மாடத்தி. ஈ முந்திக்கொண்டு அதில் ஒரு சுற்று நடந்தது.

"ஏன் மதினி, களிமேல யாரு கோலம் போட்டது?" என்றாள் வேலம்மா.

பார்த்தால், களி முழுக்கப் பொட்டுப் பொட்டாக வெள்ளைக் காலடி! மாடத்திக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அட பாவி! சுவத்துச் சுண்ணாம்பு என்னிக்கோ காஞ்சுபோச்சு. இது நான் காட்டுல கொட்டின சுண்ணாம்புல்ல! அங்க மிதிச்ச காலோடயா எங்க சோத்துல ஏறின?" என்று துடைப்பத்தை ஓங்கினாள்.

ஈ உத்தரத்துக்குத் தாவியது. "என்னை ஏன் அடிக்க வாரீங்க? காட்டுல திறந்துபோட்டது நீங்க. வீட்டுல திறந்துவெச்சதும் நீங்க. நடுவுல நடந்தது மட்டுந்தான் நான்!"

வேலம்மா முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அது கேக்குறது நியாயந்தானே மதினி! எங்க ஊர்லயும் இதே கூத்துதான். நோவு வந்த வழி தெரிஞ்சுபோச்சு. மேளத்துக்குச் சொல்லிவிடுங்க!"

அங்கேயே பேசி முடித்தார்கள். ஊரார் குழி வெட்டி, மறைப்புக் கட்டி, போனதை மண்போட்டு மூடவேண்டும். சாம்பல் போட்டுக் கை கழுவவேண்டும். ஈயும் கழுவாமல் எதிலும் உட்காரக்கூடாது.

"எனக்குத் தண்ணின்னா பயம். அதுவும் ஆறு காலு..." என்று இழுத்தது ஈ.

"ஆறையும் கழுவு!" என்று உள்ளிருந்து கத்தினாள் கல்யாணப்பெண்.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. பந்தியில் ஒருவருக்கும் வயிறு கலங்கவில்லை.

அன்று முதல்தான் ஈ உட்கார்ந்த இடத்திலெல்லாம் காலோடு காலைத் தேய்த்துத் தேய்த்து, கழுவிவிட்டதாக நம்மிடம் காட்டிக்கொள்கிறது. சொட்டுத் தண்ணீர் தொடாத கள்ளப்பயல், அதை நம்பிச் சோற்றைத் திறந்துவைக்காதீர்கள்!