ஒண்டிப்புதூர் பஸ்ஸில் ஓர் ஆம்ப்ளிஃபையர்

"டீச்சர், இந்த விசிலை எப்படித்தான் ஒழிக்கிறது?"

வரதராஜுலு வாசலில் நின்றே கேட்டார். மூன்று மாடி ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"உட்காருங்க சார். தண்ணி குடிங்க" என்றாள் மெஹருன்னிசா.

"நேரமில்லைங்க. இப்பவே மணி மூணு இருபது. ஆறு மணிக்குள்ள என் பொண்ணுக்குப் பதில் சொல்லணும்."

அவருக்கு அறுபத்திரண்டு வயது. வானொலி நிலையத்தில் முப்பத்தோரு வருடம் ஒலிப்பதிவு செய்து ஓய்வு பெற்றவர்.

அவளுக்கு முப்பத்து நாலு. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த வேலையை விட்டுவிட்டு, உக்கடத்தில் ஒரு மாடி அறையில் ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபையர் செய்துகொண்டிருக்கிறாள். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகிற அளவு. கொச்சியிலிருந்தும் ஹைதராபாத்திலிருந்தும் ஆட்கள் தேடி வருவார்கள். வருகிறவர்கள் எல்லோருக்கும் அவள் டீச்சர்தான்.

வரதராஜுலு அவளிடம் எட்டு மாதமாகப் படிக்கிறார்.

தோள்பையிலிருந்து துண்டில் சுற்றிய ஒன்றை எடுத்தார். துண்டை மெதுவாகப் பிரித்தார். உள்ளே அலுமினியப் பெட்டி, ஒரு சோப்பு டப்பா பெரிசு. மூடியில் சின்னதாக ஒரு கண்ணாடி ஜன்னல். அதற்குள் சுண்டுவிரல் நீளத்தில் இரண்டு வால்வுகள், பழைய ரேடியோவில் எரியுமே, அந்த மாதிரிக் கண்ணாடிக் குழாய்கள்.

சுவிட்சைத் தட்டினார். அரை நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு கண்ணாடிக்குள் மெல்ல ஆரஞ்சு நிறம் ஏறியது.

"இது நீங்க செஞ்சதுல எத்தனையாவது?"

"பதினொண்ணாவது டீச்சர்."

"அழகா இருக்கே!"

"அழகுக்கு என்னங்க குறைச்சல்? விசில் அடிக்குதே."

விஷயம் இதுதான். வால்வுக்கு பேட்டரியின் மின்னழுத்தம் போதாது. அதை ஏற்றிக்கொடுக்க ஒரு சர்க்யூட் வேண்டும். அந்த சர்க்யூட் ஊசி மாதிரி ஒரு விசில் போடும். அதோடு வால்வை லேசாக இடித்தாலும் போதும், காதுக்குள் 'டிங்' என்று மணி அடிக்கும்.

"அப்போ வால்வை எடுத்துடுங்க. டிரான்சிஸ்டர் மட்டும் போதுமே."

"அதையும் பண்ணிப் பார்த்தேன். விசில் சுத்தமாப் போச்சு."

"பின்னே?"

"பாட்டும் போன மாதிரி இருந்ததுங்க. பாடறவங்க எழுந்து போயிட்டு, அவங்க போட்டோவை வெச்ச மாதிரி."

"வால்வு மட்டும் வெச்சுப் பார்த்தீங்களா?"

"வால்வுக்கு ஹெட்ஃபோனை அசைக்கவே வலு இல்லையே. முன்னால வால்வு, பின்னால டிரான்சிஸ்டர். ரெண்டும் சேர்ந்தாத்தான் ஆகும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நான்தான் சொன்னேன்" என்று சிரித்தாள். "பொண்ணுக்கு என்ன பதில் சொல்லணும்?"

அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

மகள் சிந்துஜா சென்னையில் இருக்கிறாள். பாடுகிறாள். இது அவளே எழுதி மெட்டமைத்த முதல் பாட்டு. அதை இரண்டு முறை பாடிப் பதிவு செய்திருக்கிறாள். இன்று ஆறு மணிக்கு, பாட்டை வெளியிடுகிற கம்பெனிக்கு ஒன்றை அனுப்பிவைக்க வேண்டும். அனுப்பிவிட்டால் பிறகு மாற்ற முடியாது.

"பத்து நாளைக்கு முன்னாடி ரெண்டையும் எனக்கு அனுப்பினா. எதுன்னு நீங்களே சொல்லுங்கப்பா, உங்க காது சொன்னா எனக்குச் சரின்னு சொல்லிட்டா."

"சொல்லிட வேண்டியதுதானே?"

"எதுல கேட்டுச் சொல்றதுங்க? முதல் பாட்டு, அவளோட வாழ்க்கையே இதுல இருக்கு. போன்ல கேட்டுச் சொல்ல முடியுமா? சரியான ஒரு ஆம்ப்ளிஃபையர் செஞ்சு, அதுல கேட்டுட்டுச் சொல்லலாம்னு பார்த்தா..."

"பத்து நாள்ல எத்தனை தடவை கேட்டீங்க?"

"நாப்பது தடவை இருக்கும்."

"பாட்டு எப்படி இருக்கு?"

வரதராஜுலு கண்ணை மூடிக்கொண்டார்.

"முதல்ல பாடினதுல ஒரு குறை கிடையாதுங்க" என்றார் கடைசியில். "கம்ப்யூட்டர்ல கிராஃப் போட்டுப் பார்த்தேன், ஒரு இடத்துலகூட சுருதி விலகல. ரெண்டாவதுல நாற்காலி ஒண்ணு கிரீச்சுங்குது. கடைசிக்கு முன்னாடி ஒரு இடத்துல குரலும் உடைஞ்சுடுச்சு."

"நான் பாட்டு எப்படி இருக்குன்னு கேட்டேன்."

அவர் துண்டை மடிக்க ஆரம்பித்தார்.

மெஹருன்னிசா பெட்டியைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். "இதைக் கையடக்கமா எதுக்கு செஞ்சீங்க?"

"எங்க வேணும்னாலும் எடுத்துட்டுப் போகத்தான்."

"இது வரைக்கும் எங்க எடுத்துட்டுப் போனீங்க?"

"இங்கதான். உங்க ரூமுக்கு."

அவள் ஹெட்ஃபோனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். பெட்டியைக் கையில் பிடித்தபடியே செருப்பைத் தேடினாள்.

"டீச்சர், எங்க கிளம்பிட்டீங்க?"

"பஸ்ஸுக்கு."

"பஸ்ஸா! ஐயோ, குலுக்குமேங்க! வால்வு தாங்காது! டிங் டிங்னு..."

அவள் அதற்குள் ஒரு மாடி இறங்கியிருந்தாள்.

அவர் பின்னாலேயே ஓடினார். இறங்கும்போதே கூப்பிட்டுக்கொண்டு வந்தார். அவள் திரும்பவில்லை. ரோட்டில் ஒண்டிப்புதூர் டவுன் பஸ் நகர்ந்துகொண்டிருந்தது. அவள் ஓடிப்போய் ஏறினாள். வரதராஜுலுவும் ஓடினார். கம்பியைப் பிடித்துத் தொற்றி ஏறியபோது அவர் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. கல்லூரிக்குப் போன காலத்துக்குப் பிறகு ஓடுகிற பஸ்ஸில் அவர் ஏறியதே இல்லை.

"பெருசு, உள்ள வாங்க!" என்று கண்டக்டர் அதட்டினார்.

பஸ்ஸில் கூட்டம். பெண்கள் பக்கம் ஒரு சீட்டில் மட்டும் இடம் இருந்தது. அங்கே நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். காலடியில் ஒரு சாக்கு மூட்டை. மெஹருன்னிசா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். வரதராஜுலு கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"மூட்டைல என்னங்கக்கா?"

"மக்காச்சோளம் அம்மிணி. சிங்காநல்லூர் குளத்துக்கிட்ட சுட்டு விக்கறனுங்க. நாலரைக்கெல்லாம் அடுப்பு மூட்டிப்போடோணும். இல்லீன்னா அந்த இடத்துல வேற ஆளு வந்து உக்காந்துக்குவாங்க."

"பேரு?"

"மாராத்தாளுங்க."

"மாராத்தாக்கா, ஒரு பாட்டு கேட்கறீங்களா?"

வரதராஜுலு குனிந்தார். "டீச்சர், கொடுங்க. நான் கேட்கறேன்."

"உங்ககிட்ட கொடுத்தா நீங்க விசிலைத்தான் கேட்பீங்க. போனைக் கொடுங்க சார்."

அவர் தயங்கித் தயங்கிப் போனைக் கொடுத்தார். அவள் ஒயரைச் செருகினாள். சத்தத்தைக் குறைத்து வைத்தாள். ஹெட்ஃபோனை மாராத்தாளின் தலையில் மாட்டிவிட்டாள்.

"முதல்ல பாடினது" என்றாள் அவரிடம்.

பஸ் சுங்கம் ஸ்டாப்பைத் தாண்டியது. ஒரு குழியில் இறங்கி ஏறியது. வரதராஜுலு கண்ணை இறுக மூடிக்கொண்டார். அந்த 'டிங்' அவருக்குக் கேட்கவில்லை. ஆனாலும் பல்லில் வலித்தது.

மாராத்தாள் பாட்டைக் கேட்டுக்கொண்டே மூட்டையைக் காலால் உள்ளே தள்ளினாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். கண்டக்டர், "அந்த மூட்டைய ஓரமா வைம்மா" என்று கத்தியதற்கு, "ஓரமாத்தாங்க வெச்சிருக்கறன்" என்று ஹெட்ஃபோனோடேயே கத்தினாள். ராமநாதபுரம் ஸ்டாப்பில் ஏறிய தெரிந்த முகம் ஒன்றுக்குத் தலையாட்டினாள்.

பாட்டு முடிந்தது. ஹெட்ஃபோனைக் கழற்றினாள்.

"எப்படிங்க இருந்துச்சு?" வரதராஜுலுவால் பொறுக்க முடியவில்லை.

"நல்லாப் பாடறாங்க சாமி. டிவில பாடறவங்களாட்டமே இருக்குது."

"நடுவுல டிங்னு ஏதாவது கேட்டுச்சா? விசில்?"

"என்னென்னமோ கேட்டுச்சுங்க. பஸ்ஸுன்னா சத்தம் இருக்கத்தான செய்யும்."

வரதராஜுலுவின் முகம் கொஞ்சம் மலர்ந்தது. மெஹருன்னிசாவைப் பார்த்தார். அவள் போனில் இரண்டாவது பதிவைத் தேடிக்கொண்டிருந்தாள்.

வண்டிகள் நெருக்கியடித்து நின்றன. பஸ் ஊர்ந்தது. அவர் மணியைப் பார்த்தார். நாலு பத்து.

"அக்கா, அதே பாட்டுத்தான். அவங்களே இன்னொரு தடவை பாடியிருக்காங்க. கேட்கறீங்களா?"

"அடுத்த சிக்னல் தாண்டினா நான் எறங்கோணும் அம்மிணி. சித்த நேரம் வேணா கேக்கறன்."

சொல்லிக்கொண்டே மூட்டையின் வாயை ஒரு கையால் பிடித்துத் தயாராக வைத்துக்கொண்டாள். மெஹருன்னிசா ஹெட்ஃபோனை மாட்டிவிட்டாள். பாட்டைப் போட்டாள்.

வரதராஜுலு மாராத்தாளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். அப்புறம் பார்க்கவில்லை.

மூட்டையைப் பிடித்திருந்த கை தளர்ந்தது.

பஸ் ஒரு குழியில் விழுந்தது. எல்லோரும் குலுங்கினார்கள். அவளும் குலுங்கினாள். ஆனால் அவள் கண் நகரவில்லை. முன்சீட்டின் கம்பியைப் பார்த்தபடி இருந்தாள். அந்தக் கம்பியில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை.

சிக்னல் விழுந்தது. பஸ் உறுமிக்கொண்டு கிளம்பியது.

"சிங்காநல்லூர்! சிங்காநல்லூர் எறங்கு!"

வரதராஜுலு மெஹருன்னிசாவின் பக்கம் திரும்பினார். "டீச்சர், அவங்க ஸ்டாப்..."

அவள் உதட்டில் விரலை வைத்தாள்.

ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். கண்டக்டர் எட்டிப் பார்த்து, "யம்மோவ், சோளம்! எறங்கலியா?" என்றார். மாராத்தாள் திரும்பவில்லை. அவள் உதடு லேசாக அசைந்தது. ஒரு கை தானாக எழுந்து ஹெட்ஃபோனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டது.

கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் நகர்ந்தது.

அவர் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். முப்பத்தோரு வருடம் ஸ்டுடியோ கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பாடுகிறவர்களைப் பார்த்திருக்கிறார். மீட்டரில் முள் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்திருக்கிறார். கேட்கிற ஒரு முகத்தை இவ்வளவு பக்கத்தில் அவர் பார்த்ததே இல்லை.

இப்போது அந்த இடம் வரும் என்று அவருக்குத் தெரியும். கடைசி அடிக்கு முந்தின அடி, குரல் உடைகிற இடம். மனதுக்குள் நொடிகளை எண்ணினார்.

வந்தது. மாராத்தாளின் தொண்டை ஒரு தரம் ஏறி இறங்கியது. அவ்வளவுதான்.

பாட்டு முடிந்த பிறகும் அவள் அப்படியே இருந்தாள். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"அய்யய்யோ! இது எந்த ஊருங்க?"

"சிங்காநல்லூர் போயாச்சு" என்றார் கண்டக்டர். "கூப்பிட்டனே, காதுல விழுகலியா?"

"அட, என்னைய எறக்கி விடுங்க சாமி! எடத்தப் புடிக்கோணுமே!"

"இனி ஒண்டிப்புதூர்ல எறங்கித் திரும்பி வா."

அவள் படபடவென்று ஹெட்ஃபோனைக் கழற்றி மெஹருன்னிசாவின் மடியில் வைத்தாள். "என்னம்மிணி இப்படிப் பண்ணிப் போட்டீங்க!" என்றாள். திட்டத்தான் தொடங்கினாள். பாதியில் சிரித்துவிட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"யாருங்க அந்தப் புள்ள?"

"என் பொண்ணுங்க" என்றார் வரதராஜுலு. அவர் குரல் அவருக்கே அடையாளம் தெரியவில்லை.

"கட்டிக் குடுத்துட்டீங்களா? தனியா இருக்குதா?"

"சென்னைல தனியாத்தாங்க இருக்கா."

"அடிக்கடி போய்ப் பாத்துக்கங்க சாமி."

ஒண்டிப்புதூரில் பஸ் நின்றது. வரதராஜுலு குனிந்து சோள மூட்டையைத் தூக்கினார். "நீங்க விடுங்க" என்று அவள் தடுத்தாள். அவர் விடவில்லை. இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் படியில் இறங்கினார். ரோட்டைத் தாண்டினார். எதிரே வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி, மூட்டையை ஏற்றி, அவளையும் ஏற்றிவிட்டார். சட்டையெல்லாம் சாக்குத் தூசி.

அப்போதுதான் பெட்டியின் நினைவே வந்தது. திரும்பிப் பார்த்தார். மெஹருன்னிசா பஸ் நிறுத்தத்து நிழலில் நின்றிருந்தாள். ஒரு கையில் பெட்டி. இன்னொரு கையில் அவர் போனை நீட்டிக்கொண்டிருந்தாள்.

வாங்கியவுடன் மகளைக் கூப்பிட்டார். ஒரே மணியில் எடுத்தாள்.

"அப்பா! உங்க போனுக்குத்தான் காத்திருக்கேன். எதுப்பா?"

"ரெண்டாவது."



"அதுல குரல் உடையுதேப்பா."

"ஆமா, உடையுது."

"நாற்காலி வேற கிரீச்சுங்குது."

"ஆமாம்மா."

"நல்லாக் கேட்டுட்டுத்தான் சொல்றீங்களா? எதுல கேட்டீங்க? அந்தப் புது ஆம்ப்ளிஃபையர்லயா?"

"அதுல கேட்டது நான் இல்லம்மா."

"கேட்கலியா? அப்புறம் எப்படிப்பா ரெண்டாவதுன்னு சொல்றீங்க?"

வரதராஜுலு திருச்சி ரோட்டைப் பார்த்தார். திரும்பிப் போகிற பஸ் தூரத்தில் சின்னதாகிக்கொண்டிருந்தது.

"சிங்காநல்லூர்ல எறங்க வேண்டியவங்க" என்றார், "ஒண்டிப்புதூர்ல எறங்கினாங்கம்மா."